வேளைக்கீரையும் ‘வாழ்வு கொடுத்தலும்’

1

தமிழில் ஒரு வழக்கு உண்டு: ‘வாழ்வு கொடுத்தல்’. புருஷன் செத்துப்போனவளை ஒருவன் கட்டிக்கொண்டால் அவன் அவளுக்கு ‘வாழ்வு கொடுத்தவன்’ ஆகிவிடுகிறான். பொண்டாட்டி செத்துப்போனவனை ஒருத்தி கட்டிக்கொண்டால் அவள் அவனுக்கு வாழ்வு கொடுத்தாள் என்று யாரும் சொல்வதில்லை. ‘ரெண்டாந்தாரமாப் போனா’ என்கிறார்கள். முதல் வாக்கியத்தில் அவள் வாங்குகிறவள், இரண்டாவதில் போகிறவள். இரண்டிலும் வாழ்வு என்பது அவனுடைய கையிருப்பாகவே இருக்கிறது. அவன் கொடுப்பான், அல்லது வைத்திருப்பான்.

துணையை இழந்த பின் வாழ்வைத் திரும்பக் கட்டுவது, வாழ்வுக்கு ஒரு நோக்கத்தைக் கண்டடைவது என்று இன்று நிறையப் பேசப்படுகிறது. மனநலப் புத்தகங்கள் பேசுகின்றன; ஆன்மிகச் சொற்பொழிவுகள் பேசுகின்றன. துக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு, ஒவ்வொன்றாகக் கடந்தால் மறுகரை வந்துவிடும் என்கிறார்கள். இந்தப் பேச்சு முழுவதும் துக்கத்தை ஒரு தனிமனித மனத்துக்குள் நடக்கும் விஷயமாகவே வைத்திருக்கிறது. மனம் உடைந்தது, மனம் தேறியது, அவ்வளவுதான். உடைந்ததை எந்த மனையில், எந்தச் செங்கல்லைக் கொண்டு, யாருடைய அனுமதியோடு திரும்பக் கட்டுவது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. துக்கம் பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. துக்கத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்ட சட்டம், சாதி, சோறு, சொத்து ஆகியவற்றைத் துக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். பிரித்துப் பார்த்தால், ‘தேறிவர முடியாத துக்கம்’ என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி துக்கமே இல்லை என்பது தெரியவரும்.

2

பழைய இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையில் இரண்டு துறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. மனைவியை இழந்தவன் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவள் நிலை தாபத நிலை. காதுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒலிக்கும் இந்தச் சொற்கள் உள்ளே வேறு வேறானவை. ‘தபுதாரம்’ என்றால் இறந்த தாரம். அதாவது அவனுக்கு நேர்ந்த ஓர் இழப்பின் பெயர். ‘தாபதம்’ என்றால் தவம். அதாவது அவள் இனிமேல் செய்தாக வேண்டிய வேலையின் பெயர். அவனுக்கு ஒரு சம்பவம்; அவளுக்கு ஓர் ஆயுள் கட்டளை. அதிலும் ‘தபுதாரன்’ என்ற சொல் இன்று அகராதியில்தான் உயிரோடிருக்கிறது. பேச்சில் அவனுக்குப் பெயரே கிடையாது. அவளுக்கோ தாலியறுத்தவள், கைம்பெண்டாட்டி, முண்டச்சி என்று வசையும் பெயரும் பிரிக்க முடியாதபடி ஒரு பட்டியலே இருக்கிறது. பெயர் இல்லாதவன் எங்கும் போகலாம். பெயர் ஒட்டப்பட்டவள் கல்யாண வீட்டு வாசலில் நின்றுவிட வேண்டும்.

இந்த இணையைப் புறநானூற்றுத் தொகுப்பு அப்படியே நம் முன் வைக்கிறது. 245ஆம் பாட்டு, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடியது. என் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அது என் உயிரைப் போக்கும் அளவுக்கு வலிமை உடையதாக இல்லையே. அவளைச் சுடுகாட்டு நெருப்பில் கிடத்திவிட்டு நான் இன்னும் இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று அவன் கேட்கிறான். நேர்மையான பாட்டு, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவன் இருப்பது அவனுக்கு மட்டும்தான் வியப்பு. ஊரில் யாருக்கும் அது வியப்பில்லை. யாரும் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை.

அடுத்த பாட்டு, 246. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனின் சிதையில் ஏறப்போகிறவள், தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பேசுகிறாள். கற்பின் சிகரம் என்று இந்தப் பாட்டைப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. பாட்டை மெதுவாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அவள் காதலைப் பற்றி அதிகம் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள். நெய் படாத, நீரைப் பிழிந்தெடுத்த சோறு. அதோடு எள்ளுத் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. பாயில்லாமல் பரல் கற்கள் மேல் படுக்கை. தடுக்கிற சான்றோர் அவளுக்குக் கொடுக்க வைத்திருக்கும் ‘வாழ்வு’ இதுதான். ஒரு பக்கம் தீ, மறு பக்கம் இந்தப் பட்டியல். அவள் வாழ்வை மறுத்துச் சாவைத் தேர்ந்தாள் என்பது உரைக்காரர்களின் கற்பனை. அவள் மறுத்தது கைம்மையை. வாழ்வு என்ற மூன்றாவது வழி அந்தச் சபையில் பேச்சுக்கே வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவளைக் கலகக்காரியாக்கிக் கொண்டாடுவதும் சுலபம். அதையும் செய்யக்கூடாது. அந்தக் கீரையைத் தின்று கிடக்கும் பெண்களின் கூட்டத்தில் நான் ஒருத்தி இல்லை என்று அவள் விலகி நிற்கிறாள். அந்தக் குரலில் அரண்மனை இருக்கிறது. அவள் விலகி நின்ற அந்தக் கூட்டம் ஒன்று நிஜமாகவே இருந்திருக்கிறது அல்லவா? கீரையைத் தின்று, கல்லில் படுத்து, மறுநாளும் எழுந்து வேலைக்குப் போன பெண்கள்? இலக்கியம் சிதை ஏறியவளின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது. எழுந்து போனவளுக்குப் பெயர் இல்லை. 248ஆம் பாட்டில், ஒக்கூர் மாசாத்தனார் வழியாக, அப்படி ஒருத்தி கொஞ்சமாகப் பேசுகிறாள். சிறுவயதில் தழையுடையாக உடுத்திய ஆம்பல், இன்று கணவன் போன பின் வேளை தப்பித் தின்னும் புல்லரிசியாகிவிட்டது என்கிறாள். ஒரே செடி, இரண்டு காலம். தமிழில் துணையை இழந்து உயிரோடிருப்பவளின் தன்னிலைக் குரல் என்று தொடங்க வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தீயிலிருந்து அல்ல.

3

இந்த ஏற்பாடு ஏன்? ‘அந்தக் கால மூடநம்பிக்கை’ என்பது பதில் ஆகாது. பதிலை 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். சாதி என்பது அகமணம். அகமணம் நடக்க வேண்டுமானால் சாதிக்குள் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். புருஷன் செத்தால் ஒரு பெண் உபரி. அவள் சாதிக்கு வெளியே போய்விடக்கூடாது; சாதிக்குள்ளேயே இன்னொருவனைக் கட்டினால் வேறொருத்திக்கு மாப்பிள்ளை இல்லாமல் போகும். எனவே எரித்துவிடு, அல்லது கட்டாயக் கைம்மையில் வை. பெண்டாட்டி செத்தால் ஓர் ஆண் உபரி. ஆனால் அவன் ஆண். அவனை எரித்தால் குழுவுக்கு நஷ்டம், துறவியாக்கினாலும் நஷ்டம். எனவே இன்னும் கல்யாண வயதுக்கு வராத ஒரு சிறுமியைக் கொண்டுவந்து அவனுக்குக் கட்டிவை. உடன்கட்டை, கைம்மை, குழந்தைமணம் மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகள்.

தபுதாரனின் ‘மறுவாழ்வு’ எதன் மேல் கட்டப்பட்டது என்பது இப்போது தெரிகிறது. ஒரு சிறுமியின் மேல். அந்தச் சிறுமி சீக்கிரமே கைம்பெண் ஆவாள் என்பதும் அதே கணக்கில் அடக்கம்.

நம் ஊர்ப் பேச்சு இந்தக் கணக்கை ஒரே சொற்றொடரில் முடித்துவிடுகிறது: ‘அறுத்துக் கட்டுற சாதி’. முதல் தாலியை அறுத்துவிட்டு மறு தாலி கட்டிக்கொள்ளும் வழக்கம் உழைக்கும் சாதிகள் பலவற்றில் இருந்தது. அது இழிவின் அடையாளமாகச் சொல்லப்பட்டது. ஒரு சாதி ‘மேலே வர’ நினைத்தால் முதலில் செய்வது தன் பெண்களுக்கு அறுத்துக் கட்டுவதைத் தடுப்பதுதான். சாதியின் ஏணியில் ஒவ்வொரு படியும் ஒரு பெண்ணின் மறுவாழ்வை மிதித்து ஏறிய படி. ‘நாங்கல்லாம் அறுத்துக் கட்டமாட்டோம்’ என்று பெருமையடிக்கும் வாய், தன் வீட்டுப் பெண்ணின் வாழ்வைக் கொடுத்துக் கௌரவம் வாங்கியிருக்கிறது.

சட்டமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தைச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று படிக்கிறோம். அதன் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொண்டவளுக்கு இறந்த கணவனின் சொத்தில் இருந்த உரிமை, அவளே அன்று செத்துவிட்டதைப் போல முடிந்துவிடும் என்றது. வாழ்வு கொடுத்த சட்டம் அதே தாளில் அவளைச் சாகடித்தது. இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. சாதி வழக்கப்படி ஏற்கெனவே மறுமணம் செய்துவந்த பெண்களுக்கு இந்தச் சட்டத்தின் தயவே தேவையில்லை. ஆனாலும் சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் சொத்திழப்பை மட்டும் அவர்கள் தலையிலும் கட்டின. அலகாபாத் நீதிமன்றம்தான் மாறுபட்டு நின்றது. மேல்சாதி விதவைக்குத் திறந்த கதவு, கீழ்ச்சாதிப் பெண்ணின் கொல்லைப்புறத்தை அடைத்தது. அந்தச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றைப் பாருங்கள். 1955இல் கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்த ஒரு பெண். மாமியார் வீட்டார் அவளை வெளியே அனுப்பினார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், சம்பாதித்துச் சேர்த்தாள். 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அந்தப் பணம் யாருக்கு? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15இன்படி, பிள்ளையில்லாத அந்தப் பெண்ணின் சுயசம்பாத்தியம் கணவனின் வாரிசுகளுக்கே போகும் என்று தீர்ப்பானது. எந்த வீடு அவளைத் துரத்தியதோ அந்த வீட்டுக்கு. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்றது நீதிமன்றம். நாற்பது வருஷம் ஒருத்தி தன் கையால் திரும்பக் கட்டிய வாழ்வு, மூன்று மாதக் கல்யாணத்தின் துணுக்காகக் கணக்கெழுதப்பட்டது. மகளுக்குச் சம உரிமை தந்த 2005 திருத்தமும் இந்த இடத்தைத் தொடவில்லை. மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் புத்தகங்களில் இதற்கு எந்தப் படிநிலை இருக்கிறது?

4

சீர்திருத்தத்தின் கதையாடலில் கைம்பெண்ணுக்கு ஒரே முடிவுதான்: மறுமணம். 1881இல் ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் நடத்திவைத்த மறுமணம் தொடங்கி, 1903இல் வெளிவந்த மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ வழியாக, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம் வரை, இந்தக் கோடு தெளிவாக ஓடுகிறது. இதன் வீரியத்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. தாலியறுத்த சிறுமிக்கு மறுபடியும் ஓர் உடல் உண்டு, ஆசை உண்டு என்று தெருவில் நின்று சொல்ல அன்றைக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் மறுமணமே மறுவாழ்வு என்ற சமன்பாட்டில் ஒரு பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது: ஆணில்லாத இடத்தில் வாழ்வில்லை.

இந்தச் சமன்பாட்டுக்கு அடங்காதவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்தவர்; குழந்தையிலேயே மணமாகிக் கைம்பெண் ஆனவர்; 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மறுமணம் செய்துகொள்ளவில்லை. தன்னைப்போன்ற சிறுமிகளைச் சேர்த்து ஒரு விடுதி தொடங்கினார். அது வளர்ந்து, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அங்கிருந்த பெண்கள் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். சகுனத்தடை என்று எதிரே வரக்கூடாதவளாக இருந்தவள், காலையில் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே நின்றாள். சம்பளம் வாங்கினாள். இது சின்ன மாற்றமல்ல. யாரும் அவளுக்கு வாழ்வு ‘கொடுக்க’வில்லை, அவள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. கைம்மையின் கொடுமை அந்தச் சாதியில்தான் உச்சத்தில் இருந்தது என்பது உண்மை. பள்ளி, சம்பளம், கௌரவமான வேலை ஆகிய செங்கற்கள் அந்தச் சாதிக்குத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதும் உண்மை. சுற்றியிருந்த குப்பங்களில் கடல் கொண்டுபோன புருஷனுக்காக அழுது முடித்து, மறுநாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போனவளும் வாழ்வைத் திரும்பக் கட்டினாள். அவளை யாரும் சீர்திருத்த வரலாற்றில் சேர்க்கவில்லை. அவள் ‘நோக்கத்தைக் கண்டடைந்தாள்’ என்று யாரும் எழுதவில்லை. ‘பொழப்பு நடத்துனா’ என்றார்கள். நோக்கம் என்ற சொல்லுக்கும் பிழைப்பு என்ற சொல்லுக்கும் நடுவே சாதியும் வர்க்கமும் நிற்கின்றன.

இழந்த ஆண் தன்னைப் பற்றி எழுதிய பிரதி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1933 மே 11இல் நாகம்மையார் இறந்தார். பெரியார் ‘குடி அரசு’வில் எழுதிய இரங்கல், தமிழின் இரங்கல் மரபையே புரட்டிப்போடுவது. மனைவியைத் தெய்வமாக்கி அழும் வேலை அதில் இல்லை. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்கு உபதேசித்ததில் நூறில் ஒரு பங்காவது அவள் விஷயத்தில் நடந்துகொண்டேன் என்று சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று அச்சில் ஒப்புக்கொண்டார். அவள் போனதைத் தன் பொதுவேலைக்கு ஒரு விடுதலையாகவும் கணக்கிட்டார். மறுநாளே திருச்சியில் தடையை மீறி ஒரு கிறித்தவத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார்.

கடன்பட்டதை எழுதியே தீர்த்த அந்த நேர்மை பெரிது. அதே சமயம் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். புருஷன் செத்த மறுநாள் ஒருத்தி மேடையேறி, ‘இனி எனக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்’ என்று சொல்லியிருந்தால்? ஆணின் வாயில் தொண்டாக ஒலிக்கும் வாக்கியம் பெண்ணின் வாயில் கல்நெஞ்சமாகிவிடும். 1949இல் அவர் மணியம்மையாரை மணந்தபோது இயக்கமே இரண்டானது. சண்டை வயதைப் பற்றி, வாரிசைப் பற்றி. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யலாமா என்ற கேள்வியை எதிர்த்தரப்பும் எழுப்பவில்லை. ஆணுக்கு அது கேள்வியே இல்லை.

5

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சாதியையும் சட்டத்தையும் திட்டுவது நமக்குக் கைவந்த வேலை. இயக்கங்கள் கைம்பெண்ணை என்ன செய்கின்றன?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சங்கர் தலித்; அவரைக் காதலித்து 2015இல் மணந்த கௌசல்யா இடைநிலைச் சாதி. வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சொந்தத் தாய் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது; 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கும் ஆயுளாகக் குறைத்தது. இதற்கிடையில் அவர் முடியை வெட்டிக்கொண்டார், பறை கற்றார், ஆணவக்கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்டு ஊர் ஊராகப் பேசினார். துணையை இழந்தவள் வாழ்வைத் திரும்பக் கட்டி நோக்கம் கண்டடைந்த கதை என்று எடுத்துக்காட்ட இதைவிட வேறு வேண்டுமா? நாமும் எடுத்துக்காட்டினோம். மேடை போட்டோம்.

2018 டிசம்பரில் கோவையில் அவர் ஒரு பறையிசைக் கலைஞரை மணந்தார். அப்புறம் வந்த வசைகளைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாதி வெறியர்கள் வைதது எதிர்பார்த்ததுதான். ‘சங்கரை அதுக்குள்ள மறந்துட்டாளா’ என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும் அல்ல. மறுமணத்தைக் கொள்கையாக வைத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்தும் அந்த முணுமுணுப்பு வந்தது. சிதை மூட்டத்தான் நமக்கு மனசில்லை. வேளைக்கீரை தயாராக இருந்தது. தியாகியின் மனைவி தியாகியின் மனைவியாகவே சாக வேண்டும். அவள் சிரித்தால், புதுத் துணி உடுத்தினால், வேறொருவன் கையைப் பிடித்தால் நம் போராட்டத்தின் புனிதம் கெட்டுவிடுகிறது. குங்குமத்தை அழிக்கும் சடங்கை எதிர்க்கிற நாம், அவள் நெற்றியில் இறந்தவனின் பெயரை எழுதி வைத்தோம். தாபத நிலைக்குச் சிவப்பு, நீல, கறுப்புச் சாயம் பூசினால் அது விடுதலை ஆகிவிடாது.

2022இல் கௌசல்யா கோவையில் ஓர் அழகு நிலையம் தொடங்கினார். ‘போராளி எதுக்கு பியூட்டி பார்லர் வெக்கணும்?’ என்ற கேள்வி நம்மில் எத்தனை பேருக்குள் எழுந்தது? கைம்பெண்ணின் தலையை மழித்த சமூகத்தில் ஒருத்தி பெண்களின் முடியைத் திருத்தி அலங்கரிக்கும் கடை வைத்துச் சுயமாகச் சம்பாதிப்பது, எந்தத் தீர்மானத்துக்கும் குறைந்த அரசியல் இல்லை. அப்படி அது அரசியலாக இல்லாமல் வெறும் பிழைப்பாகவே இருந்தாலும் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமையில்லை. நோக்கத்தோடுதான் வாழ வேண்டும் என்பது துணையை இழந்தவளுக்கு மட்டும் விதிக்கப்படும் கூடுதல் வரி. மற்றவர்கள் சும்மா வாழலாம். அவள் மட்டும் வாழ்வதற்குக் காரணம் காட்ட வேண்டும். பிள்ளைக்காக, கட்சிக்காக, செத்தவனின் கனவுக்காக.

6

அரசாங்கம் சொற்களை மாற்றிப் பார்த்தது. ‘விதவை’யில் ஒரு பொட்டுகூட இல்லை, ‘கைம்பெண்’ணில் இரண்டு பொட்டு இருக்கிறது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிய காலம் உண்டு. எழுத்துக்குப் பொட்டு வைத்தார்கள், நல்லது. ஆனால் 1975 முதல் தமிழகத்தில் நடக்கும் உதவித் திட்டத்தின் பெயரில் இருப்பது ‘ஆதரவற்ற’ என்ற சொல். 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகையை வாங்க, தனக்கு யாருமில்லை என்பதை அவள் நிரூபிக்க வேண்டும். அதே 2023இல் தொடங்கிய குடும்பத் தலைவிகளுக்கான திட்டத்தின் பெயர் ‘உரிமைத் தொகை’. ஒருத்தி வாங்கினால் உரிமை, இன்னொருத்தி வாங்கினால் ஆதரவு. ரூபாய் நோட்டு ஒன்றுதான், இலக்கணம் வேறு.

சில அசைவுகள் இல்லாமலில்லை. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, மெட்டி கழற்றுவது ஆகிய சடங்குகளைத் தடைசெய்து தீர்மானம் போட்டது. 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் கைம்பெண் என்று சொல்லிக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அடையாளம் உண்டு, மண நிலையை வைத்து அதைக் குறைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெரியார் பிறந்த மாவட்டத்தில், அவர் இறந்து ஐம்பது வருஷத்தில், இதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. பிரிவு 15ஐ மாற்றக் கோருவது ஒரு வேலை. உதவித்தொகையின் பெயரிலிருந்து ‘ஆதரவற்ற’ என்பதை எடுக்கச் சொல்வது ஒரு வேலை. நினைவேந்தல் கூட்டத்தில் இறந்தவனின் படத்துக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைப்பதற்கு முன், உட்கார விருப்பமா என்று கேட்பது ஒரு வேலை. விருப்பமில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு போவது அதைவிட முக்கியமான வேலை.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பெருங்கோப்பெண்டைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவள் தள்ளிவிட்ட அந்தக் கூட்டத்தைப் பற்றி, கீரையைத் தின்றுவிட்டு மறுநாள் எழுந்து போனவர்களைப் பற்றி, அவர்கள் எங்கே போனார்கள், என்ன வேலை செய்தார்கள், யாரோடு சிரித்தார்கள், கையில் காசு வந்ததும் முதலில் என்ன வாங்கினார்கள் என்பதை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை. அதை அவர்களே எழுதினால் இன்னும் நல்லது.